வீட்டுத்தோட்டத்தில் தாளிப்பனை

(புத்தளம் மாவட்டக் கரையோரக் கிராமமொன்றில் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் கமக்காரர் அமைப்பினரும் கூடிய கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



  மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தென்னைக்கும் ஆலோசனை கூற வருகின்ற ஒருவன், சந்தையில் ஒரு சதத்துக்கும் விலைபோகாத மரமொன்றைப்பற்றி இன்று பேச வந்திருப்பதேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் என் காலடியிலுள்ள இந்தச் சாக்கிலே இருக்கின்றது. இதனுள் இருப்பவை தாளிப்பனை விதைகள். இவற்றைத் தந்த மரம் இனி ஒருபோதும் காய்க்கமாட்டாது. அஃது இறந்துகொண்டிருக்கின்றது.

தாளிப்பனையைச் சிங்கள மக்கள் ‘தல’ என்பர். நம்மவர் குடைப்பனை என்றும் கூந்தற்பனை என்றும் வழங்குவர். கித்துள் மரத்தையும் சிலர் கூந்தற்பனை என்று சொல்வதுண்டு. ஆதலின் அப்பெயரைக் கேட்டு மயங்கவேண்டா. கித்துளின் ஓலை மீன்வால் போன்ற சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும். தாளிப்பனையின் ஓலையோ நம் பனையோலையைப் போல விசிறி வடிவினது. ஆயின் அளவில் அதனைப் பன்மடங்கு விஞ்சியது. நன்கு வளர்ந்த மரத்தின் ஓர் ஓலை 12 முதல் 16 அடி வரை அகன்றிருக்கும். அதன் மட்டை மாத்திரம் பத்தடிக்கு மேல் நீளும். மட்டையின் இரு விளிம்பிலும் கருநிறமான கூரிய பற்கள் உண்டு. சுவீடன் நாட்டு லின்னேயசு என்னும் அறிஞர் 1753 ஆம் ஆண்டில் இம்மரத்துக்குக் ‘கொரிபா அம்பிராகுலிபெரா’ என்று பெயரிட்டார். பிற்சொல்லுக்குக் குடை தாங்குவது என்பது பொருள்.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலே பத்தொன்பது ஆண்டு சிறைப்பட்டிருந்த உரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வோலையை வியந்து எழுதியிருக்கின்றார். ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையினின்றும் காக்கும் என்றும், கண்டி மன்னனின் போர்வீரர் அதனைக் கூடாரமாகக் கொண்டனர் என்றும் அவர் கூறுவர். விரித்தால் வீடு, மடித்தால் ஒரு கைச்சுமை. பொலித்தீன் விரிப்பு வருவதற்கு முன் வயற்காவலுக்குச் சென்ற ஏழைக் கமக்காரனுக்கும் இதுவே கூரை.

இனி, இச்சாக்கின் கதையைக் கூறுகின்றேன்.

சிலாபத்துக்கும் முந்தலுக்கும் இடையில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரியவரின் வளவில் அவருடைய தந்தையார் நட்ட தாளிப்பனை ஒன்று நின்றது. தந்தையார் இறந்து பல்லாண்டாயின. மரம் வளர்ந்து, அண்டையிலிருந்த தென்னைகளையும் கடந்து நின்றது. ஒருநாள் அப்பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்து, “தம்பி, நடுக்குருத்து வேறு மாதிரிக் கிளம்புகின்றது. புதிய ஓலைகள் சிறுத்துப்போயின. இது பூக்கப்போகின்றது என்கிறார்கள். தாளி பூத்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாதாமே! விரியுமுன் தறித்துவிடட்டுமா?” என்று கேட்டார். மரந்தறிப்பவருக்கு முற்பணமும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நான் அவருடன் சென்று பார்த்தேன். அவர் கூறியது மெய்யே. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் அங்கே நின்று பார்த்தபோது உணர்ந்தேன். தாளிப்பனை தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை பூக்கும். முப்பது ஆண்டில் பூப்பதும் உண்டு. எண்பது ஆண்டு செல்வதும் உண்டு. அக்காலமெல்லாம் தன் தண்டினுள்ளே மாப்பொருளைச் சேர்த்து வைத்துக்கொண்டேயிருக்கும். பின்னர் உச்சியிலே இருபதடிக்கு மேல் உயர்ந்த, கிளைத்த பூங்கொத்து ஒன்றை எழுப்பும். தாவரவுலகில் இதனினும் பெரிய பூங்கொத்து இல்லை. அதிலே விரியும் சிறுபூக்கள் இலட்சக்கணக்கானவை. சேர்த்த செல்வம் முழுவதையும் அந்தப் பூவுக்கும் காய்க்குமே மரம் செலவிட்டுவிடும். ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கும். காய் முதிர ஏறத்தாழ ஓராண்டு செல்லும். காய் உதிர்ந்தபின் மரம் பட்டுப்போகும். முதியவரொருவர் நட்ட மரம், வீட்டிலுள்ள மற்றொருவர் முதியவராகும் காலத்திலே பூத்து இறக்கின்றது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. மரம் சாவது அதன் பிறவிக் குணம். வீட்டுக்காரரின் ஆயுளோடு அதற்குச் சம்பந்தம் யாதுமில்லை என்று நான் விளக்கிக் கூறினேன்.

பெரியவர் என் விளக்கத்தினால் மனம் மாறினார் என்று நான் பெருமை பேசமாட்டேன். அவருடைய மனைவியார் அதுவரை வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “மாமா வைத்த மரம். அவரும் பூவைக் காணாமலே போய்விட்டார். நாமாவது கண்டுவிட்டுத் தறிப்போம்” என்றார். அவ்வளவே. மரந்தறிப்பவரிடம் முற்பணத்தைத் திருப்பிக் கேட்க அப்பெரியவருக்கு நாணம். அதனை வேறு வேலைக்குக் கழித்துக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

அம்மரம் பூத்தபோது அயற்கிராமத்தவரெல்லாம் வந்து பார்த்தனர். இப்பொழுது காய் உதிர்கின்றது. சென்ற கிழமை நானும் அவருடைய பேரப்பிள்ளைகளும் பொறுக்கிய விதைகளே இவை. அம்மரம் பூக்குமுன் தறிக்கப்பட்டிருந்தால் அத்தனை ஆண்டு வளர்ச்சியும் வெறும் விறகாகப் போயிருக்கும்; அதுவும் நல்ல விறகன்று. தென்னையைப் போல ஆண்டுதோறும் காய்க்கும் மரமாயின், இவ்வாண்டு விட்டால் அடுத்த ஆண்டு என்று இருந்துவிடலாம். தாளிப்பனைக்கு அடுத்த ஆண்டு என்பது இல்லை. காய் உதிரும் அந்தச் சில மாதங்களில் எவரேனும் பொறுக்கி நடாவிட்டால், அந்த வளவில் அதன் குலம் முடிந்தது. நம் மாவட்டத்தில் இம்மரம் அரிதாகியதற்கு நோயோ பூச்சியோ காரணமன்று. ஓலைக்கு இருந்த தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் விதையைப் பொறுக்கும் கையும் குறைந்தது.

அப்படியாயின் எல்லோரும் ஆளுக்கொரு மரம் நடுங்கள் என்று நான் சொல்லப்போகின்றேன் என்று எதிர்பார்க்கின்றீர்கள். அவ்வாறு சொல்லமாட்டேன். உங்களிற் பெரும்பாலோர் இதனை நடக்கூடாது.

முதலாவது, இடம். பத்துப் பேர்ச்சு வளவென்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 52 அடி. அதிலே வீடு, கிணறு, மலசலகூடம், இரண்டு தென்னை. தாளிப்பனை முதற் பல ஆண்டுகள் நிலத்துக்கு மேலே தண்டு காட்டாது; ஓலைகள் நிலமட்டத்திலிருந்தே நாற்புறமும் விரியும். மட்டையும் ஓலையும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் இருபதடி செல்லும். அஃதாவது, அந்தப் பருவத்தில் அதற்கு மாத்திரம் 40 அடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். மட்டைப் பற்கள் குழந்தைகளின் கண்ணைப் பதம்பார்க்கும். தண்டு எழும்பியபின் கீழே இடம் உண்டாகும் என்பது உண்மையே. ஆயின் அப்பொழுது வேறொரு கணக்கு எழுகின்றது. 60 அடி முதல் 80 அடி வரை உயர்ந்து, மூன்றடி பருமனுள்ள மரம், தான் ஒருநாள் நிச்சயமாக இறக்கப்போவதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிற்கின்றது. அது விழக்கூடிய தூரத்துள் வீடோ, கிணறோ, மின்கம்பியோ, அயலவரின் கூரையோ இருத்தலாகாது. கால் ஏக்கர் வளவுங்கூடப் பக்கத்துக்கு 104 அடிதான். நடுவில் நட்டாலும் எல்லைக்கு 52 அடியே. ஆகவே கால் ஏக்கருக்குக் குறைந்த வளவுகளில் இதனை நடவே கூடாது என்பதும், அதற்கு மேற்பட்ட காணிகளிலும் வீட்டுக்கு எதிர்ப்புறமாகவுள்ள மூலையில், வெறுநிலமோ வயலோ தோப்போ உள்ள பக்கமாகவே நடவேண்டும் என்பதும் என் கருத்து. அயலவரின் சம்மதத்தையும் நடுமுன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். கன்றாயிருக்கும்போது எவரும் சண்டை பிடிக்கமாட்டார். வழக்கு வருவது பேரன் காலத்தில்.

பெரியவரின் மரம் வீட்டுக்கு 35 அடி தூரத்தில் நிற்கின்றது. தந்தையார் நட்டபோது அங்கே ஓலைக் குடிசைதான் இருந்ததாம். இப்பொழுது பட்ட மரத்தைத் துண்டு துண்டாக மேலிருந்து இறக்கவேண்டியிருக்கின்றது. அதற்குக் கேட்கும் கூலி சிறிதன்று. இதனையும் மறைக்காமற் சொல்லுதல் என் கடமை.

இரண்டாவது, மண்ணும் காற்றும் நீரும். தாளிப்பனை தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலும் நம் நாட்டின் ஈரமான தாழ்நிலங்களிலும் நடுநாட்டிலும் செழித்து வளர்வது. வயலோரம், ஆற்றோரம், பழைய வீட்டுத்தோட்டம் ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் காணப்படும். பேராதனைப் பூங்காவில் இதனைக் கண்டு வந்தவர்கள், அங்கே பெய்யும் மழையையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். புத்தளம் நகரில் ஆண்டொன்றுக்குப் பெய்வது ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தெற்கே லுணுவில, வென்னப்புவப் பக்கம் 1,500 மில்லிமீற்றருக்கு மேற்படும். ஆதலின் மாவட்டம் ஒன்றாயினும் ஆலோசனை ஒன்றாகாது.

மாரவில, வென்னப்புவப் பகுதியிலும், சிலாபத்தில் தெதுறு ஓயாவின் வண்டல் நிலங்களிலும் உள்ளவர்கள் தயக்கமின்றி முயலலாம். முந்தல் தொடங்கிப் பாலாவி வரை, தென்னை நன்றாய் நிற்கும் உட்காணிகளில், முதல் நான்கைந்து ஆண்டு நீர் ஊற்ற ஆளிருந்தால் முயலலாம். கற்பிட்டிக் குடாநாட்டில், மாம்புரி நுரைச்சோலைப் பக்கத்து மணற்காணிகளில், வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்று உங்களுக்குத் தெரியாததன்று. பதினாறடி ஓலை அந்தக் காற்றில் பாய்மரமாகிவிடும். கிழிந்து நாராகத் தொங்கும். அங்கே கடலோரத்தில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது நம் சொந்தப் பனையை நடுங்கள் என்பதே. பனை அந்த மணலையும் வறட்சியையும் தாங்கும், ஆண்டுதோறும் பயன்றரும். உப்பளத்தை அடுத்த நிலத்திலும், சவர்நீர் ஏறிய கிணறுள்ள வளவிலும், இறாற்குட்டைகளின் வரம்பிலும் தாளிப்பனை வேண்டவே வேண்டா.

இவ்வளவும் கழித்தால் யார் மிஞ்சுவர்? நல்ல மண்ணுள்ள பெருங்காணிக்காரர் சிலர். அவர்களோடு கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை ஆகியவற்றின் வெளிநிலங்கள். ஒரு குடும்பத்தின் ஆயுள் குறுகியது. காணி பிரிவினையாகும், விலைப்படும். பொதுநிலம் அவ்வாறு துண்டுபடுவதில்லை. இக்கூட்டத்துக்கு வந்துள்ள பரிபாலன சபையார் இதனைச் சிந்திப்பாராக. பாடசாலையாயின் விளையாட்டிடத்துக்கு அப்பால், வேலியோரம் ஏற்றது.

இனி நடும் முறை. இங்கே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். ஏனெனில் இதில் நான் ஒருமுறை பெரும்பிழை செய்தவன்.

பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் எனக்குச் சில தாளிப்பனை விதைகள் கிடைத்தன. ஆறங்குல ஆழமுள்ள பலகைப் பெட்டியில் மணலிட்டு, கத்தரி விதைக்கும் பக்குவத்தில் அவற்றை ஊன்றினேன். மாதங்கள் கழிந்தன; ஒன்றும் வெளிவரவில்லை. விதை கெட்டதென்று எண்ணி ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். விதையிலிருந்து விரற்பருமனான குழல் ஒன்று கீழே சென்று, பெட்டியின் அடிப்பலகையில் முட்டி, வளைந்து கிடந்தது. பனங்கிழங்குப் பாத்தி போட்டவர்களுக்கு இது புதுமையன்று. பனம்விதையும் இப்படித்தான்: முளை மேலே வருமுன் குழலொன்று மண்ணுள் ஆழச் சென்று, அதன் நுனியிலேயே வேரும் குருத்தும் உண்டாகும். அந்தக் கிழங்கைத்தானே நாம் அவித்து உண்கின்றோம்! தாளிப்பனையும் அதே வழியைப் பின்பற்றுவது. நான் பனையோடு பிறந்து வளர்ந்தும் அதனை நினையாமற்போனேன். பின்னர் முளைத்த இருபது கன்றுகளைப் பெயர்த்து நட்டதில் இரண்டே பிழைத்தன.

ஆதலின் இவ்விதையை நாற்றுமேடையில் இடவேண்டா. மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே நேராக ஊன்றுவது சிறந்தது. குழி, தென்னங்கன்றுக்கு வெட்டுவது போல மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியிலே தேங்காய்ப் பொச்சு மட்டைகளை இரண்டு அடுக்காக இட்டு, இடையிடையே மண்ணைத் தூவுங்கள். அவை மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருந்து கோடையில் வேருக்குக் கொடுக்கும். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் கலந்து குழியை நிரப்புங்கள். மணற்பாங்கான காணியாயின் குளத்து வண்டல் சில கூடை சேர்த்தல் நன்று. நிரப்பிய மண் ஒரு மழையில் அமிழ்ந்துவிடும். ஆகவே விதை ஊன்றுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே குழியை நிரப்பி வைத்துவிடுங்கள்.

இடந்தெரியும்போது, அண்மைத் தென்னையிலிருந்து முப்பதடியேனும் தள்ளியிருக்கவும், தென்மேற்குக் காற்றுக்குத் தென்னை வரிசை மறைப்பாயிருக்கவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனியின் வெளிச்சதையை நீக்கியபின்பே விதைத்தல் வேண்டும். கையுறை இட்டுக்கொண்டு சாக்கில் தேய்த்தால் சதை கழன்றுவிடும். முற்காலத்தில் இக்காயை இடித்து நீர்நிலைகளில் இட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. ஆகையால் இதனைக் கழுவிய நீரைக் கிணற்றடியிலோ, குளத்திலோ, இறாற்குட்டைக்குச் செல்லும் வாய்க்காலிலோ ஊற்றவேண்டா. ஒரு வாளியிற் கழுவி, அந்நீரைத் தரையில் தூரமாக ஊற்றிவிடுங்கள். நான் கொண்டுவந்த விதைகள் ஏற்கெனவே கழுவப்பட்டவை. உள்ளேயுள்ள விதை உருண்டையானது. யானைத்தந்தம் போல வன்மையானது. இதனைக் கடைந்து மாலைமணியும் பொத்தானும் செய்தனர் என்றால் அதன் உறுதி விளங்கும். மூன்று நாள் நீரிலே ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நான்காம் நாள் ஊன்றலாம். வெயிலில் காயவைத்துச் சேமிக்கவேண்டா. உலர்ந்தால் முளைக்கும் வலி குன்றும்.

ஒரு குழிக்கு மூன்று விதை. ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளி. விதைக்கு மேலே ஓரங்குல மண் போதும். மேலே சருகிட்டு மூடி, மூன்றுக்கும் மூன்று குச்சி நட்டு வையுங்கள். இல்லாவிடில் எங்கே ஊன்றினோம் என்பதே மறந்துபோம். ஒரே நாளில் ஊன்றிய விதைகளும் ஒன்றாக முளைப்பதில்லை. சில மாதங்கள் செல்லும். தோண்டிப் பார்க்கவேண்டா, என்னைப்போலக் கைக்குச் சும்மாயிருக்கத் தெரியாதவர்களுக்கே இதனைச் சொல்கின்றேன். முதலில் வருவது விசிறியோலையன்று. நீண்ட, ஒடுங்கிய, மடிப்புள்ள ஒற்றை இலை. புல்லென்று கருதிக் களையெடுப்பவர் பிடுங்கிவிடக்கூடும். ஓராண்டு சென்றபின் மூன்றிலும் வலியதை விட்டு, மற்றவற்றை வெட்டிவிடுங்கள். மனமில்லையென்று மூன்றையும் விட்டால் மூன்றும் நலியும்.

கட்டாயம் கன்றாக வளர்த்தே நடவேண்டியவர்கள், ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள பையிலோ பழைய வாளியிலோ வளர்த்து, மண்ணுருண்டை உடையாமல் மாற்றி நடவும்.

முதலாண்டில் கிடுகினால் மெல்லிய நிழல் செய்து கொடுங்கள். மாசி பங்குனி வெயிலிலும், ஆனி முதல் புரட்டாதி வரையும் கிழமைக்கு இருமுறை நீர் வேண்டும். தண்ணீர் சுமக்க ஆளில்லாத இடத்தில், அடியிலே சிறு துளையிட்டுத் திரிபோட்ட மண்பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். கசிந்து கசிந்து வேருக்குச் சேரும். ஆட்டுக்கு எட்டாதபடி வேலி வேண்டும். முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் உலாவும் காணிகளில் முளையைக் கிண்டித் தின்னும். வேலியின் அடியை முட்கிளைகளால் நெருக்கமாக அடையுங்கள். ஆண்டுக்கொருமுறை மழைத் தொடக்கத்தில் இரண்டு கூடை கூட்டெரு போதுமானது.

வண்டுகளைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நம்முடையது தென்னை முக்கோணத்தைச் சேர்ந்த மாவட்டம். கருவண்டும் செவ்வண்டும் தென்னைக்கு மாத்திரம் உரிய பகையல்ல, தாளிப்பனையையும் தாக்கும். குருத்தோலையில் வெட்டு விழுந்திருந்தால் தென்னைக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள். இதனினும் முக்கியமானது, மரம் பட்டபின் செய்யவேண்டியது. பட்ட தாளிப்பனையின் உள்ளீடு மென்மையானது, விரைவில் உக்கும். உக்கிய தண்டு கருவண்டு முட்டையிடுவதற்கு நல்ல இடம். அயலில் உள்ள தென்னந்தோட்டக்காரர் உங்களைச் சபிக்காதிருக்கவேண்டுமாயின், காய் உதிர்ந்து முடிந்ததும் மரத்தை இறக்கி, பிளந்து, உலர்த்தி எரித்துவிடுங்கள். அல்லது ஆழப் புதையுங்கள். ஒரு மாரிக்கு மேல் கிடக்கவிடவேண்டா. ஐயமிருப்பின் லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஆலோசனை பெறலாம்.

பயன் என்னவென்று கேட்பீர்கள். ஓலை கூரைக்கும் குடைக்கும் விசிறிக்கும் பாய்க்கும் உதவும். தண்டின் மாவை முன்னோர் இடித்தெடுத்து உணவாக்கினர். பூக்குமுன் தறித்தாலே அந்த மா மிகுதியாக இருக்கும் என்பது இப்பொழுது உங்களுக்கே விளங்கும். நொக்ஸ் அதன் அப்பத்தை உண்டு, ரொட்டிபோல இருந்தது என்று எழுதியிருக்கின்றார். ஆயின் எல்லாவற்றுள்ளும் பெரும்பயன் ஏடு. தமிழ் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பெரும்பாலும் பனையோலையில் எழுதினர். சிங்கள மக்களின் புஸ்கொலச் சுவடிகள் தாளியோலையால் ஆனவை. விரியாத குருத்தோலையை எடுத்து, ஈர்க்கை நீக்கி, சுருளாகச் சுற்றி, நீரில் அவித்து, நிழலிலும் பனியிலும் உலர்த்தி, வழுவழுப்பான மரத்தண்டிலே இழுத்திழுத்துத் தேய்த்து மெருகேற்றுவர். பனையேட்டைக் காட்டிலும் இது மெல்லியது, அகன்றது, நன்றாய் வளையக்கூடியது. எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்தால் எழுத்துத் துலங்கும். சாதகம் எழுதுவோர் இன்னும் சிலர் இவ்வோலையைத் தேடுகின்றனர். அவர்கள் தேடுவது பெரும்பாலும் வளர்ந்துவரும் இளமரத்தின் குருத்தையே என்பதால், ஓர் எச்சரிக்கை: அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் மரம் நலிந்துபோகும். கேட்பவர் எவராயினும், ஒரு குருத்தை எடுத்தால் அடுத்து வருவனவற்றை விரியவிட்டு, மரம் தேறியபின்பே மறுபடி கொடுங்கள்.

பணம் வருமா என்று நேராகவே கேட்டால், உங்கள் காலத்தில் வராது.

கடைசியாக ஒன்று. இச்சாக்கிலுள்ள விதைகள் யாவும் ஒரு தாயின் பிள்ளைகள். இவற்றை எல்லோரும் இவ்வாண்டே நட்டால், அவை ஏறத்தாழ ஒரே காலத்திற் பூத்து, ஒரே காலத்தில் இறந்துவிடக்கூடும். ஆகவே இவ்வாண்டு இக்கிராமத்தில் மூன்று இடத்துக்கு மேல் நடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன். குருநாகல் மாவட்டத்திலோ கண்டிப் பக்கத்திலோ வேறு தாளிப்பனை பூத்திருப்பதாக உறவினர் வாயிலாக அறிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த மரத்தின் விதையை வேறோர் ஆண்டில், வேறு மூன்று இடத்தில் நடுவோம். எஞ்சிய விதைகளை மாரவில, சிலாபப் பகுதிப் போதனாசிரியர்களுக்குக் கொடுக்க எண்ணியிருக்கின்றேன்.

பெரியவரின் மனைவியார் தமக்கென ஒரு விதையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய மரம் நின்ற இடத்தில் நடவேண்டாம் என்றேன். “தெரியும் தம்பி, வயற்கரையில் குழி வெட்டியாயிற்று” என்றார். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

நடவிரும்புவோர் கூட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். இக்கிழமைக்குள் நான் வந்து இடத்தைப் பார்ப்பேன். இடம் போதாதென்று கண்டால் மறுத்துவிடுவேன், மனவருத்தம் கொள்ளவேண்டா. இடம் சரியென்று கண்டவர்களுக்கு ஆளுக்கு மூன்று விதை தருவேன். குழியை மாத்திரம் இன்றைக்கே வெட்டத் தொடங்குங்கள். மழைக்கு அதிக நாளில்லை.